மைனியின் காய்ந்த துணி

மைனி வீட்டில் தண்ணீர் குடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. செம்பை வாங்கியதும் அதன் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் கையிலேயே வைத்துக் குடித்துவிட்டு, கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் வைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும். அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

"தம்பி, தடுக்கு கெடக்கு பாருங்க."

தடுக்கு என்பது பழைய சேலையை நாலாக மடித்து அவளே தைத்த சதுரத் துண்டு. அந்த வீட்டில் ஆளுக்கு ஒன்று இருந்தது. விருந்தாளிகளுக்குத் தனியாகப் பூப்போட்டது. சாம்பார்ச் சட்டிக்குக் கீழே பனைநார்ப் பிரிமனை, அதற்குக் கீழே ஒரு தடுக்கு. சூட்டையும் ஈரத்தையும் மரத்தில் நேராகப் படவிடக் கூடாது என்பது அவள் சட்டம்.

மைனி என் அண்ணன் மனைவி. போன தை மாதம் திருப்பூரில் மகள் வீட்டில் காலமானாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அழவில்லை. மறுநாள் பனவடலிசத்திரத்துக்குப் பஸ் ஏறி, பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். அவள் பேரை இதில் எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் நான் ஒருநாள்கூட அவளைப் பேர் சொன்னதில்லை. இப்போது எழுதினால் யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுகிற மாதிரி இருக்கும்.

அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்தவை ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மேஜை, அதற்கான நாற்காலிகள். எல்லாம் முழுத் தேக்கு. செங்கோட்டையில் மரம் எடுத்து, அவள் ஊரான கரிவலத்தில் வைத்துச் செய்தது. ஒட்டுப்பலகை ஒரு துண்டுகூடக் கிடையாது என்று அவள் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். மற்றபடி நகை, பாத்திரம் எதைப் பற்றியும் அவள் பெருமை பேசிக் கேட்டதில்லை.

காலையில் கோலம் போட்டு முடித்ததும் காய்ந்த துணியை எடுப்பாள். அண்ணனுடைய பழைய வேட்டியைக் கிழித்த துணி. புதுத்துணி மரத்தைக் கீறும் என்பாள். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகத்தான் துடைப்பாள். குறுக்கே போனால் மரத்துக்கு வலிக்கும் என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. எதையும் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட வேண்டும், பின்பக்கமும் காற்று வேண்டும் அல்லவா. மேற்கு ஜன்னலில் வெயில் ஏறுகிற நேரம் திரையை இழுத்துவிடுவாள். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்கச்சி. தை பிறப்பதற்கு முன்னால் ஹார்டுவேர் கடையிலிருந்து லின்சீட் ஆயில் வாங்கி வரச் சொல்லி, துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பாள். தேங்காய் எண்ணெய் போதாதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அது சிக்குவாடை அடிக்கும் தம்பி. எறும்பும் தூசியும் வந்து குடியிருக்கும். மரம் என்ன, தலையா?"

"செத்த மரத்துக்கு இம்புட்டுச் சேவையா மைனி?"

"வெட்டிப் போட்டாலும் அதுக்குத் தாகம் போகாது. எதக் கண்டாலும் குடிச்சிரும். குடிச்சத வச்சுக்கிடும். நாமதான் பாத்துக் கொடுக்கணும்."

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் என் அண்ணன். தறிக்காரர்களுக்கு நூல் கொடுக்கிற கடையில் வேலை. கடையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வீட்டுக்கு வந்தால் தண்ணீரும் அவனும்தான். குளித்த துண்டோடு நாற்காலியில் உட்காருவான். செம்பை அண்ணாந்து குடித்தால் பாதி மேஜையில் கொட்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உலர்த்தாமல் அந்தத் தலையோடு கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிப்பான். அந்த இடத்தில் பலகை கறுத்து, ஒரு தலை அளவுக்கு மினுமினுத்தது. மைனி எத்தனையோ பக்குவம் பார்த்தாள், அது போகவில்லை.

"மாட்டுக்குக்கூட ஒடம்ப உதறணும்னு தெரியுது," என்று சொல்லிக்கொண்டே துடைப்பாள்.

"மாட்ட மேஜையில ஒக்காரச் சொல்லு, நான் தொழுவத்துக்குப் போறேன்," என்பான் அண்ணன்.

அவர்கள் வேறு எதற்கும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. நான் கல்யாணம் கட்டாதவன். ரெண்டு தெரு தள்ளி வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். இந்தச் சண்டை இல்லாத ஞாயிறு ஒரு மாதிரி சப்பென்று போகும்.

மைனிக்குக் கரையான் என்றாலே ஆகாது. எங்கள் ஊர்க் கோவிலில் பிரசாதமே புற்றுமண். காய்ச்சல், சொறி, மேல்வலி எது வந்தாலும் முதலில் அதைத்தான் பூசுவோம். மைனிக்குப் பக்தி உண்டு, சந்தேகமில்லை. ஆனால் புற்றுமண்ணை வீட்டுக்குள் விடமாட்டாள். மூடி இறுக்கின தகரடப்பாவில் போட்டு, வெளி கேட்டின் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். ஒருநாள் கோவில் வாசலில் தகடு விற்கிறவரிடம் போய் நின்றாள். பாம்பு, தேள் என்று மெல்லிய தகட்டில் அடித்து வைத்திருப்பார்கள். வீட்டில் பூச்சிபொட்டு அண்டக் கூடாதென்று வாங்கி உண்டியலில் போடுவோம்.

"கரையான் இருக்கா அண்ணாச்சி?"

அவர் பதறிப்போய்த் தன் பலகையைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"தகடுல கேக்கேன்."

"கரையானுக்கு யாரும்மா தகடு அடிக்கா? இந்தக் கோவில் புத்தைக் கட்டுனதே அதுதான். அது வீட்டுக்கே வந்து அதப் பத்தியே புகார் சொல்லுதீங்களே!"

மைனி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பூரான் தகடு வாங்கினாள். "எதுக்குன்னு ஆத்தாளுக்குத் தெரியும்," என்று உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். அண்ணன் அதைக் கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான்.

அவனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, அந்த வருஷம் கார்த்திகை முடிகிற சமயம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்சில் நாங்கள் வந்து இறங்கும்போது எங்கள் அக்கா ஒரு இரும்புக் கட்டிலோடு வாசலில் நின்றாள். அக்கா எங்கள் ரெண்டு பேருக்கும் மூத்தவள். இளையரசனேந்தலில் கட்டிக் கொடுத்தது. அண்ணனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"இதுல போடுவோம். அது தேக்கு, வீணாப் போயிரும்," என்றாள்.

மைனி அவளைப் பார்க்காமல் சொன்னாள். "வேண்டாம். அவுகளுக்கு அந்தக் கட்டில்லதான் ஒறக்கம் வரும்."

"மூத்திரம் போவான், தண்ணி சிந்துவான். ஒனக்குத்தான் பொறுக்காது."

"தொடச்சுக்கிடுதேன்."

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. நேரே கேட்டுக்குப் போய்த் தகரடப்பாவைக் கழற்றி எடுத்து வந்தாள். புற்றுமண்ணைக் குழைத்து அண்ணன் கைகாலில் பூசினாள். மண் உதிர்ந்து தேக்குச் சட்டத்தில் விழுந்தது. மைனி பார்த்துக்கொண்டே நின்றாள், தடுக்கவில்லை. அக்கா போன பிறகு துடைத்தாள்.

முதலில் ரப்பர் விரிப்புதான் போட்டார்கள். அதில் வேர்த்து அவன் முதுகு சிவந்தது. மைனி விரிப்பை உருவி எறிந்துவிட்டாள். அதன் பிறகு வெறும் வேட்டிதான், மடிப்பு மடிப்பாக. எவ்வளவு மாற்றினாலும் ஈரம் கீழே இறங்கத்தான் செய்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க ஒத்தாசை பண்ணுவேன். இழுக்கவிடமாட்டாள். "தூக்குங்க தம்பி, தூக்கித்தான் வைக்கணும்," என்பாள். முதுகைத் தேய்க்க மாட்டாள். காய்ந்த துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுப்பாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண். ஒரு பக்கமே அதிக நேரம் படுக்கவிட மாட்டாள், பின்பக்கமும் காற்றுப் பட வேண்டும் என்பாள். எல்லாம் நான் வருஷக்கணக்காகப் பார்த்த வேலைதான். அவனைத் துடைத்து முடித்த பிறகு, வேறொரு துணி எடுத்துக் கட்டிலைத் துடைப்பாள்.

அண்ணனைத் துடைக்கிறபோது கதவைச் சாத்திவிடுவாள். கட்டிலைத் துடைக்கிறபோது கதவு திறந்திருக்கும். அதனால் பார்க்க வந்தவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் ரெண்டாவதுதான். மனுஷன் கிடக்கிற கிடையில் இவள் கட்டிலுக்குப் பாலிஷ் போடுகிறாள் என்று பேச்சு கிளம்பியது. அக்கா காதுக்கும் போனது. ஊசி போட வரும் நர்ஸ் அவன் முதுகைப் பார்த்துவிட்டு, "இத்தன மாசத்துல ஒரு புண்ணுகூட இல்லையே!" என்றாள். அது யார் காதுக்கும் போகவில்லை.

அண்ணனுக்கு இடது கை மட்டும் அசையும். தண்ணீர் குடித்ததும் டம்ளரை மைனியிடம் கொடுக்காமல், ஈரத்தோடு கட்டில் சட்டத்தின் மேல் வைப்பான். வைத்துவிட்டு அவளை ஓரக்கண்ணால் பார்ப்பான். வாய் கோணிச் சிரிப்பு மாதிரி ஒன்று வரும்.

"பாத்தீங்களா தம்பி, கொழுப்பு கொறையல," என்பாள் மைனி. துடைப்பாள். அவன் மறுபடியும் தண்ணீர் கேட்பான்.

ஆடி மாதம் ஒரு காலை வேளையில் போய்விட்டான். ஊரெல்லாம் கோவில் தவசுத் திருவிழாக் கூட்டம். பந்தலுக்கு ஆள் பிடிப்பதே கஷ்டமாக இருந்தது. ஓடியாடி எல்லாம் பண்ணினேன். எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. நாற்காலி வந்ததா, சங்குக்காரர் வந்தாரா என்றுதான் மனசு ஓடியது. ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். ஆடிக்காற்றின் சூட்டுக்குக் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்து, முகம் மங்கியது. மைனி பக்கத்தில் உட்கார்ந்து துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மங்கும், துடைப்பாள். அழவில்லை. சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தவர்கள் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆண்கள் நாங்கள் எடுத்துக்கொண்டு போனதும், வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவியிருக்கிறார்கள். அவன் கிடந்த கட்டிலை நாலு பேர் இழுத்து வெளியே போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தேய்த்து, நல்லா காயட்டும் என்று வெயிலில் விட்டிருக்கிறார்கள். யார் மேலும் தப்பில்லை. சாவு விழுந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வோம். அந்த நேரம் மைனியைப் பின்கட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்ற உட்கார வைத்திருந்தார்கள்.

நான் குளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, மைனி ஈரச்சேலையோடு வாசலில் குத்தவைத்திருந்தாள். கையில் அண்ணனுடைய வேட்டி. கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலையிலிருந்து தண்ணீர் கட்டிலில் சொட்டியது, அதையும் துடைத்தாள். ரேகை பார்க்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாகத் துடைத்தாள். தலைமாட்டுப் பலகையில் வெயிலுக்கு ஒரு வெடிப்பு விட்டிருந்தது.

அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஏட்டி, என் தம்பிக்கு வச்ச தீ இன்னும் அணையல. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா நீ? ஒனக்குக் கட்டில்தான் பெருசாப் போச்சா? கல்நெஞ்சுக்காரி!"

மைனி நிமிரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தண்ணி ஊத்திட்டாகளே தம்பி. உள்ள இருக்குறதெல்லாம் இழுத்துட்டுப் போயிருமே."

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. லின்சீட் ஆயிலைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அக்கா பேச்சை எடுத்தாள். இறந்தவன் கிடந்த கட்டில் வீட்டில் இருக்கக் கூடாது, யாருக்காவது கொடுத்து வெளியே அனுப்பிவிட வேண்டும் என்றாள். பெரியவர்கள் தலையாட்டினார்கள். மைனியை மகள் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அங்கே மாடி வீடு, ஒடுங்கின படி, கட்டில் ஏறாது. பீரோவையும் மேஜையையும் யார் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. கட்டில்தான் பிரச்சினை. மைனி எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். கொட்டாங்கச்சி ஒன்று கால்மாட்டில் விலகிக் கிடந்தது, அதைக் குனிந்து சரியாக வைத்தாள்.

"நான் கொண்டு போறேன்," என்றேன்.

"ஏலே, கிறுக்கா ஒனக்கு? செத்தவன் கட்டில்ல போயிப் படுக்கப் போறியா?" என்றாள் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவளுக்கும் தாங்கவில்லை, பாவம். அந்தக் கட்டிலைப் பார்க்கிறபோதெல்லாம் தம்பி கிடந்த கிடைதான் அவளுக்குத் தெரிந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பாசத்தில் சொன்னதாகச் சொன்னால் அது பொய். யாராவது ஏதாவது சொல்லிப் பேச்சு முடிந்தால் போதும் என்று இருந்தது.

லோடு ஆட்டோவில் ஏற்றும்போது மைனி கூடவே நின்றாள். சட்டங்களுக்கு நடுவே தன் பழைய சேலைகளைத் திணித்தாள். "இழுக்காதீங்க, தூக்கணும். ஈரத்துணி ஆகாது. சொவத்துல ஒட்டிப் போடாதீங்க. வெடிப்பு கெடக்கட்டும், எதையும் வச்சு அடைக்காதீங்க. வெயிலுக்கு விரியும், மழைக்குச் சேந்துக்கும்." வண்டி கிளம்பியதும் தெருமுனை வரை நடந்து வந்தாள். கையில் காய்ந்த துணி இருந்தது. ஓடி வந்து அதையும் என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

என் வீட்டில் கட்டிலைப் போட்டேன். சுவரிலிருந்து ஒரு சாண். கொட்டாங்கச்சி. மேற்கு ஜன்னலுக்குத் திரை. காலையில் பல் விளக்கிவிட்டு ரேகை போகிற பக்கமாகத் துடைப்பேன். அதில்தான் படுத்தேன். பயமும் இல்லை, துக்கமும் இல்லை. அண்ணன் இல்லாத ஞாயிறுகளில் ஹோட்டலில் சாப்பிட்டேன். யாராவது துக்கம் கேட்டால் பதில் சொன்னேன். அழுகை எப்போதாவது வரும் என்று இருந்தேன். வரவில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பள்ளிக்கூடம் லீவு. நாள் பூராவும் விடவில்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். தலைமாட்டுப் பலகை லேசாகச் சில்லிட்டிருந்தது. வெடிப்பு மைனி சொன்ன மாதிரியே மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலை. அதோடு, கிடையில் அவன் கைகாலில் தடவிய வாதத் தைலம் கொஞ்சம். அண்ணன். பலகையில் கறுத்துக் கிடந்த அந்த இடத்தில் மூக்கை வைத்தேன். அங்கேதான் இருந்தான்.

மைனிக்குப் போன் போட்டேன்.

"மைனி, இங்கன மழை. கட்டில்ல அண்ணன் வாட அடிக்கி."

அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகளின் டிவிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் குறைந்தது. எழுந்து வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"போகலையா தம்பி?"

"போகல மைனி."

"அம்புட்டுத் தண்ணி ஊத்துனாகளே."

"போகல. அப்படியே இருக்கு. பலகை ஈரம் பூத்திருக்கு. தொடைக்கட்டுமா?"

"வேண்டாம் தம்பி," என்றாள் மைனி. "இன்னைக்குத் தொடைக்காதீங்க."

அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு, சின்னப்பிள்ளை கேட்பது மாதிரி கேட்டாள்.

"போனைக் கொஞ்சம் அந்தத் தலமாட்டுப் பக்கம் வையுங்களேன்."

போனில் வாசனை போகாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கறுத்த இடத்துக்குப் பக்கத்தில் போனை வைத்தேன். நான் தள்ளிப் போய், கதவோரம் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே மழை கொட்டியது. வெகுநேரம் கழித்து எழுந்து போய்ப் பார்த்தேன். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.